தாம்பாளம் கொண்டுபோன தீவு

பழைய தொரை பங்களாவ எடுத்து ஹோட்டல் ஆக்குன ஆளு எங்க மாரியம்மன் கோயிலுக்குச் சும்மாவே லைட் போட்டுக் குடுத்தப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. எங்க லயத்து வரிசை வீடுங்கள்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு நெருப்புக்குச்சி குடுத்தாக்கூட மறுநாள் "அந்தக் குச்சி என்னாச்சு"ன்னு கேப்பாங்க. இவரு என்னடான்னா போஸ்ட் நட்டாரு, வயரு இழுத்தாரு, பல்பு மாட்டுனாரு, "சாமிக்குத்தானே"ன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிப் போயிட்டாரு. சாமி கேட்டுச்சா, இவரா நெனச்சுக்கிட்டாரா, அது எனக்குத் தெரியாது.

எங்க தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். லயத்துக்கு மேல ஒரு மொட்டத் திட்டு இருக்கு. பூராவும் பாறை, தேயிலை வராது, அதனால வெள்ளக்காரன் காலத்துலயே அத விட்டுட்டாங்க. அந்தத் திட்டுலதான் கோயில். கோயிலுக்கு முன்னால வெட்டவெளி. காலையில மூட்டம் வெலகுனா அங்கேருந்து மூணு தோட்டம் தெரியும், கீழ ஆறு தெரியும். டூரிஸ்ட்டுங்க வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. அவங்கள தலவாக்கலை ஸ்டேசன்ல இருந்து ஏத்திக்கிட்டு வர்ற த்ரீவீல்காரன் நான். ஓ எல் பரீச்சை எழுதியிருக்கேன். ரிசல்ட்டு பத்தி யாரும் கேக்க வேணாம்.

வெட்டவெளியோட ஓரத்துல எங்க அக்கா கடை. நாலு தகரம், ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. ரொட்டி, மொளகா இடிச்ச கட்டச்சம்பல், பிளேன் டீ. அக்கா முன்ன கொழுந்தெடுத்துச்சு. கூடை தூக்கித் தூக்கி முதுகு போச்சு, இனிமே தூக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மாமா கொழும்புல ஒரு கடையில நிக்கிறாரு, தீபாவளிக்கு வருவாரு, பொங்கலுக்கு வந்தாலும் வருவாரு. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் போறது, வீட்டுல அடுப்பு எரியிறது எல்லாம் அந்தப் பெஞ்சுல யாராவது வந்து உக்காந்தாத்தான். திட்டு யாருக்குச் சொந்தம்னு கேட்டா, தோட்டத்து மேப்புல தோட்டத்துக்கு. ஆனா கோயில் இருக்கிற எடத்த ஒரு தொரையும் ஏன்னு கேட்டதில்ல. கோயில் எங்களுது, அதனால திட்டும் எங்களுது, அதனால அக்கா கடையும் அங்க. இதுதான் எங்க சட்டம்.

லைட்டு வர்றதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்ன இன்னொண்ணு நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம வெளியூர்ப் பொடியனுங்க நாலஞ்சு பேரு மோட்டர்பைக்குல வந்தாங்க. பாறையில உக்காந்து பியர் குடிச்சாங்க, போத்தல ஒடைச்சாங்க, போறப்ப அக்கா கடைப் பெஞ்சோட கால ஒடைச்சுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலையில பாத்தா ஹோட்டல்காரரு ஒரு வாட்ச்சர கொண்டு வந்து நிப்பாட்டிட்டாரு. "ஒங்க பாதுகாப்புக்குத்தான்"ன்னாரு. பெஞ்சு ஒடைஞ்சது லயத்துக்கே முழுசாத் தெரியாது. இவருக்கு ராத்திரிக்குள்ள எப்பிடித் தெரிஞ்சிச்சு?

அக்காகிட்ட சொன்னேன், "அந்தப் பொடியனுங்கள அனுப்புனதே இவருதான்."

"ஒனக்கு ஒங்க மாமா ஒழுங்கா சம்பளம் அனுப்புனாக்கூட சந்தேகம் வரும்"ன்னுச்சு அக்கா.

"ஒழுங்கா அனுப்பிட்டாரா? அப்ப ஏதோ இருக்கு."

கரண்டியக் காட்டுச்சு. நான் வெலகிட்டேன்.

இப்ப தாம்பாளத்தப் பத்திச் சொல்லணும், இல்லாட்டி மிச்சம் ஒண்ணும் வெளங்காது. எங்க தோட்டத்துல திருவிழாவுக்குக் காப்பு கட்டுறதுக்கு முன்ன ஒரு பித்தளைத் தாம்பாளத்துல தேங்கா, வாழப்பழம், வெத்தல பாக்கு, மாலை எல்லாம் வச்சு, தப்பு அடிச்சுக்கிட்டு தோட்டத்து மனேஜரான பெரிய தொரையோட பங்களாவுக்குக் கொண்டு போவாங்க. "தொரைதான் வந்து நடத்திக் குடுக்கணும்"னு கோயில் கமிட்டித் தலைவரு சொல்லணும். தொரை தட்டத் தொடுவாரு. திருவிழா அன்னிக்கு வந்து நிப்பாரு. தலைவரு அவரு தலையில செவப்புத் துண்டுல பரிவட்டம் கட்டுவாரு. அது கட்டுனதுக்கப்புறந்தான் மத்தவங்களுக்குத் திருநீறு.

அப்புறம் ரெண்டு தோட்டத்த ஒண்ணாக்குனாங்க, பெரிய தொரை அடுத்த தோட்டத்து பங்களாவுக்குப் போயிட்டாரு. எங்க பங்களா பூட்டிக் கெடந்துச்சு. கொஞ்ச வருசம் தாம்பாளம் எங்கயும் போகல. பிறகு கொழும்புல இருந்து இந்த ஆளு வந்து ஹோட்டல் போட்டாரு, லைட்டு போட்டாரு, வாட்ச்சர் போட்டாரு. அந்த வருசம் தாம்பாளம் மறுபடி கெளம்பிடுச்சு. யாரும் கூடிப் பேசல. தப்பு அடிச்சாங்க, காலு பழகுன பாதையில நடந்துச்சு, பங்களாவுல போயி நின்னுச்சு. உள்ள இருந்த ஆளு தொரையில்ல, ஹோட்டல்காரரு. பங்களா அதே பங்களாதான், அது போதும் எங்க ஆளுங்களுக்கு. தலைவரும் அதே மாதிரி, "நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்"ன்னாரு. அவரு ஒரு நிமிசம் முழிச்சாரு, பிறகு சிரிச்சாரு, தட்டத் தொட்டாரு. திருவிழாவுக்கு வந்தாரு, கேமராக்காரனையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. பரிவட்டத்தோட எடுத்த போட்டோவப் பெருசாக்கி ஹோட்டல் முன்ஹோல்ல மாட்டிட்டாரு. அடுத்த வருசமும் தாம்பாளம் போச்சு. கோயிலுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் வந்துச்சு.

மூணாவது வருசந்தான் மாலைதீவுக்காரன் வந்து சேந்தான்.

அவங்க ஊரு வெயிலுக்கு இங்க வந்து குளிர்ல இருந்துட்டுப் போறவங்க நெறயப் பேரு. இவனுக்கு என் வயசு இருக்கும். ஹோட்டல்ல ரூம் எடுத்துட்டு, அங்க சாப்பிடாம தெனமும் அக்கா கடைக்கு வருவான். அதுவே எனக்கு ஒத்துக்கல. ஹோட்டல்ல அவிச்ச முட்டை, பழம், ஜூஸ் எல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க, இவன் ஏன் ஏறி வந்து தகரத்துக்குக் கீழ உக்காந்து ரொட்டி திங்கிறான்? எத்தன ரொட்டி ஓடுதுன்னு கணக்கெடுக்க ஹோட்டல்காரரு அனுப்புன ஆளுன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பாறைக்குப் பின்னால நின்னு வேவு பாத்தேன். அவன் எண்ணுன மாதிரி தெரியல. தின்னான், அவ்வளவுதான். சம்பல்ல கெடந்த மாசிக் கருவாட்ட ஒவ்வொரு துண்டா எடுத்து மோந்து பாத்துட்டு மொகத்தச் சுழிச்சான்.

"என்ன, எங்க அக்கா சம்பல்ல கொற கண்டுபிடிக்கிறியா?"

"சம்பல் சரி. மாசி பழசு. இது எங்க ஊரு சாமான், எனக்குத் தெரியாதா?"

சின்ன வயசுல கொழும்புல படிச்சவன், சிங்களம் தண்ணி மாதிரி பேசுவான். நாங்க பேசுனது பூராவும் சிங்களத்துலதான், நான் தமிழ்ல சொல்லுறேன். அவனும் என்ன மாதிரிதான், படிப்பு ஏறல. சரித்திரத்துல ரெண்டு தடவ பெயிலாம். அந்தப் பேப்பருக்காக ஒரே பாடத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சானாம், அதனால அந்த ஒரு பாடம் மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்னான்.

நான் எழுப்பிக் கேக்கல. அதுவா வந்துச்சு. ஒரு மத்தியானம் மழ புடிச்சிக்கிச்சு. கடையில அக்கா, நான், அவன், மூணு பேருதான். திருவிழா கிட்ட வந்ததால அக்கா தாம்பாளத்தப் புளி போட்டுத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அது எதுக்கு?"ன்னான்.

"பங்களாவுக்குக் கொண்டு போறதுக்கு."

"அவரு கேட்டாரா?"

"யாரும் கேக்கல. மரியாதைக்கு."

வாயில ரொட்டிய வச்சுக்கிட்டே சிரிச்சான். பொரையேறிடுச்சு. தண்ணி குடிச்சுட்டு, "மச்சான், எங்க நாடே இப்பிடித்தான் போச்சு"ன்னான்.

நான் நம்பல. "ஒரு தட்டுக்கா நாடு போவும்?"

அவன் சொன்னான். முன்ன அவங்க சுல்தான் வருசா வருசம் ஒரு தோணியில ஆளுங்கள ஏத்தி கொழும்புக்கு அனுப்புவாராம். பாயி, மாசி, பலகாரம், இன்னும் என்னென்னமோ. கொழும்புல இருக்கிற கவர்னரு வரவேத்து உக்கார வச்சு, பதிலுக்குப் பாக்கு, துணி, வாசனைச் சாமான் குடுத்து அனுப்புவாராம். ரெண்டு பக்கமும் மரியாத, ரெண்டு பக்கமும் சந்தோசம்.

"முதல்ல ஒல்லாந்தக்காரன் இருந்தான், அவனுக்குக் கொண்டு போனோம். பிறகு இங்கிலீஸ்காரன் வந்தான், அவனுக்கும் கொண்டு போனோம்."

"ஆளு மாறுனா நிப்பாட்ட மாட்டீங்களா?"

அவன் அக்கா கையில இருந்த தாம்பாளத்தப் பாத்தான், பிறகு என்னப் பாத்தான். நான் வெளிய மழையப் பாத்தேன்.

"கொண்டு போனவங்க மரியாதைன்னு நெனச்சாங்க. வாங்குனவங்க வேற மாதிரி எழுதி வச்சுக்கிட்டாங்க. இந்தத் தீவு வருசா வருசம் நமக்குக் கப்பம் கட்டுது, இது நம்ம பொறுப்புல இருக்குன்னு."

"சரி, எழுதி வச்சா என்ன? எழுதிட்டுப் போறான்."

"இரு. நடுவுல கடை வருது."

அவங்க தலைப்பட்டினத்துல பம்பாய்ப் பக்கத்து யாவாரிங்க கடை போட்டிருந்தாங்களாம். அரிசில இருந்து துணி வரைக்கும் அவங்க கையில. ஊரு ஆளுங்களுக்கும் அவங்களுக்கும் சண்ட. அரமனையில இருக்கிற பெரிய ஆளுங்களுக்குள்ளயும் ரெண்டு கட்சி. ஒரு நாளு கடைங்க எரிஞ்சு போச்சாம்.

"யாரு தீ வச்சா?"ன்னு நான் ஒடனே கேட்டேன்.

"பரீச்சையில அந்தக் கேள்வி வராது."

"வராதுன்னா? அதுதானே முக்கியமான கேள்வி."

"புத்தகத்துல ஒரு மாதிரி இருக்கு, எங்க வீட்டுல ஒரு மாதிரி சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுல இன்னொரு மாதிரி."

அக்கா தேய்க்கிறத நிப்பாட்டிட்டு, "எந்தக் கை வச்சா என்ன, பிறகு யாரு வந்தா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு இந்தக் கேள்வி தோணல.

வந்தது கொழும்புல இருந்து இங்கிலீஸ்காரன் கப்பல். யாவாரிங்க எங்க ராணியோட ஆளுங்க, அவங்களுக்குப் பாதுகாப்பு வேணும், ஒங்களுக்குள்ளயும் ஒத்தும இல்ல, ஒங்களுக்கும் பாதுகாப்பு வேணும்னு பேசிப் பேசி, சுல்தான்கிட்ட ஒரு கையெழுத்து. ஒங்க சட்டம், ஒங்க பள்ளிவாசல், ஒங்க உள்வீட்டு விசயத்துல தலையிட மாட்டோம். வெளி நாட்டோட பேசுறது மட்டும் எங்க வழியாத்தான். அதுக்கு இங்கிலீஸ்ல ஒரு பேரு சொன்னான், ப்ரொடெக்டரேட்டாம். காலனி இல்லையாம். காலனின்னா புடிச்சுக்கிறது, இது பாத்துக்கிறது.

"சண்ட கிண்ட?"

"இல்ல."

"ஒரு வெடி?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குப் பிறகும் வருசா வருசம் தோணி போச்சு. ஆனா இப்ப போகாம இருக்க முடியாது."

"கடைசியில எப்பிடி வெளிய வந்தீங்க?"

"அது அடுத்த பாடம். அது படிக்கல. அதுனாலதான் பெயிலு."

மழ விட்டுச்சு. அவன் எழும்பிப் போயிட்டான். அக்கா தாம்பாளத்தத் தகரத்துல சாத்தி வச்சிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ரெண்டு நாளு போயிருக்கும். ஹோட்டல்காரரு திட்டுக்கு வந்தாரு. கூட ஒருத்தன், கையில அளக்குற டேப்பு. அக்கா கடைக்கு முன்னால நின்னு ஒரு மொன, பின்னால நின்னு ஒரு மொன, பாறையோரம் ஒரு மொன. நான் த்ரீவீல் தொடைக்கிற மாதிரி நின்னேன். தொடைச்ச எடத்தையே தொடைச்சேன்.

"தங்கச்சி, நீங்க இனிமே இந்தப் புகையில கஷ்டப்பட வேணாம்"ன்னாரு. ஆளு தமிழ் நல்லாவே பேசுவாரு, கொழும்புத் தமிழ். "திருவிழா முடிஞ்ச ஒடனே இந்தத் தகரத்த எடுத்துட்டு இங்க அழகா ஒரு டீ ஹட் போடுறேன். ஒங்களுக்கு அங்கயே வேல. சேல கட்டிக்கிட்டு, முதுகுல கொழுந்துக் கூடை மாட்டிக்கிட்டு நிக்கிறது மட்டுந்தான். கூடையில ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க. போட்டோவுக்கு."

அக்கா அடுப்பப் பாத்துக்கிட்டே, "கடை, சேர்?"ன்னுச்சு.

"கடை எதுக்கு? சம்பளம் தாரேன். கோயில் விசயத்துல நான் தலையிட மாட்டேன். அது ஒங்க ஆளுங்களோட உள்வீட்டு விசயம். வெளியாளுங்க வர்றது போறது, அத நான் பாத்துக்கிறேன்."

உள்ளது ஒங்களுக்கு, வெளியது எனக்கு. ரெண்டு நாளைக்கு முன்ன மழையில கேட்ட அதே பேச்சு. தொடைக்கிற துணிய வச்சுட்டு கிட்ட போனேன்.

"சேர், கோயில் கமிட்டியக் கேட்டீங்களா?"

"தம்பி, ரெண்டு வருசமா ஒங்க கமிட்டிதானே தட்டோட வந்து, 'நீங்கதான் நடத்திக் குடுக்கணும்'னு என்னக் கூப்புடுது? தோட்டத்து மனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். இந்த எடத்துக்குப் பெரியவரு யாருன்னு அவரு கேட்டாரு. போட்டோவக் காட்டுனேன்."

அன்னிக்குப் பூராவும் எனக்கு வேல ஓடல. இதுல இன்னொரு சந்தேகமும் புடிச்சுக்கிச்சு. மாலைதீவுக்காரன் எனக்குச் சொன்ன கதைய ஹோட்டல்ல இவருக்கும் சொல்லியிருப்பானோ? எனக்குச் சொன்னது உசாரா இருன்னு. இவருக்குச் சொல்லியிருந்தா அது வழி காட்டுறது. ஒரே கதை, ரெண்டு பேருக்கு ரெண்டு வேல செய்யும். போயி நேராக் கேட்டுருவோம்னு போனா, அவன் காலையிலயே ரூம் காலி பண்ணிட்டுப் போயிட்டானாம். இன்னி வரைக்கும் எனக்கு அது தெரியாது.

கோயில் கமிட்டி கூடுச்சு. தலைவரு நடுவுல உக்காந்தாரு. வயசான மனுசன் இல்ல, நாப்பதுதான், ஆனா தலைவராயிட்டதால மெதுவாத்தான் பேசுவாரு. நான் மாலைதீவு கதையச் சொன்னேன். சுல்தான், தோணி, மாசி, கப்பல், ஒண்ணு விடல. கூட்டம் சிரிச்சுச்சு.

"ஏன்டா"ன்னாரு தலைவரு, "கடலுக்கு நடுவுல இருக்கிறவனுக்கும் நமக்கும் என்னடா? நீ கடலப் பாத்திருக்கியா?"

"நீங்க பாத்திருக்கீங்களா தலைவரே?"

"போனேன்டா ஒரு தடவ, நீர்கொழும்புக்கு. காலு நனைச்சேன்."

"காலு நனைச்சவரு சொன்னாச் சரிதான். அப்ப அக்கா கடை?"

தலைவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. "நான் வேணும்னா செய்யிறேன்? தாம்பாளம் கொண்டு போகாட்டி அந்த மனுசன அவமானப்படுத்துன மாதிரி. லைட்ட அவுத்துட்டுப் போயிட்டா? தோட்டத்துல சொல்லி, திட்டுக்கே யாரும் ஏறக்கூடாதுன்னுட்டா? அவருக்கு எல்லாரும் பழக்கம். நமக்கு யாரு இருக்கா?"

நாயமான பேச்சுத்தான். அதுதான் எனக்குக் கோவம். கோவம் வந்தா நான் கிண்டல் பண்ணுவேன், வேற ஒண்ணும் வராது.

"அப்ப பஸ் கண்டெக்டருக்கும் ஒரு பரிவட்டம் கட்டுங்க. சூன் பாண் காரனுக்கும் ஒண்ணு கட்டுங்க. அந்தாளு பாட்டுப் போட்டுக்கிட்டு த்ரீவீல்ல பாண், பனிஸ் கொண்டு வராட்டி பாதி லயம் காலையில பட்டினி. ஹோட்டல்காரரு மட்டும் என்ன ஒசத்தி?"

எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல.

"கட்டலாமே"ன்னுச்சு.

"என்ன?"

"எல்லாருக்கும் கட்டலாமே. தாம்பாளத்த நிப்பாட்ட வேணாம். அவருக்கும் போகட்டும். நமக்கு ஒதவி பண்ணுற அத்தன பேருக்கும் போகட்டும். பெரியவரு ஒருத்தருன்னாத்தானே எடம் அவரோட பொறுப்பு? ஏழு பேருன்னா?"

தலைவரு தாடையச் சொறிஞ்சாரு. அவரு மொகத்துல வெளிச்சம் வர்றத நான் பாத்தேன். யாரையும் பகைக்காம ஒரு வேல செய்யலாம்னா அந்த மனுசனுக்கு அதவிடப் பெரிய சந்தோசம் கெடையாது. "அப்ப பிரசவம் பாக்குற மிட்வைப் நோனாவையும் சேத்துக்கோங்க"ன்னாரு. "ஸ்கூல் மாஸ்டர், தபால்காரரு, மருந்துக்கடைக்காரரு எல்லாரையும். பெரிய தொரைக்கும் ஒண்ணு அனுப்பணும், அதுதான் மொற."

பித்தளைத் தாம்பாளம் ஒண்ணுதான். மிச்சத்துக்கு ஆளாளுக்கு வீட்டுல இருந்து எவர்சில்வர் தட்டு எடுத்துட்டு வந்தாங்க. என் த்ரீவீல்ல பின்னால தலைவரும் தட்டும், தப்புக்காரரு என் பக்கத்துல ஒட்டிக்கிட்டு. வாழ்க்கையில மரியாத குடுக்கிறது இவ்வளவு கஷ்டம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். எங்க ஆளுங்கள விட்டா உலகமே சந்தேகம் புடிச்சது.

சூன் பாண் காரரு பாட்ட நிப்பாட்டிட்டு தட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "எதுக்கு எனக்கு? என்ன கேக்கப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல. நீங்கதான் வந்து நடத்திக் குடுக்கணும்."

"நானா? சனிக்கெழம பனிஸ் ஓசியாக் கேப்பீங்களா?"

ஸ்கூல் மாஸ்டரு யாழ்ப்பாணத்துக்காரரு. கண்ணாடியத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டாரு. "உதுக்குப் பின்னால என்ன கிடக்கு எண்டு முதல்ல சொல்லும் பாப்பம். உம்மை எனக்கு நல்லாத் தெரியும்."

"பின்னால தலைவருதான் இருக்காரு சேர்."

கண்டெக்டர் மட்டுந்தான் ஒண்ணும் கேக்காம தட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அந்தாள அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.

கடைசியா பங்களா. ஹோட்டல்காரரு பித்தளைத் தாம்பாளத்தத் தொட்டாரு, சிரிச்சாரு, "டேப்போட வந்த ஆளு திருவிழாவுக்கு மறுநாள் வருவான்"னாரு. தலைவரு, "அதுக்கென்ன சேர்"ன்னாரு. வெளிய வந்து வண்டியில ஏறுனப்ப தலைவரு வேட்டி நுனியால மொகத்தத் தொடைச்சாரு. நான் கிண்டல் பண்ணல.

திருவிழா அன்னிக்கு ஹோட்டல்காரரு கேமராக்காரனோட வந்து, வழக்கமா நிக்கிற எடத்துல நின்னாரு. பக்கத்துல கண்டெக்டர் வந்து நின்னாரு. யாரோ சாமி கும்பிட வந்திருக்காருன்னு நெனச்சு இவரு கொஞ்சம் தள்ளி எடம் விட்டாரு. பிறகு சூன் பாண் காரரு, வேட்டி கட்டி, நெத்தி நெறயத் திருநீறோட. பிறகு மாஸ்டர், தபால்காரரு, மருந்துக்கடைக்காரரு. மிட்வைப் நோனா வெள்ளச் சாரியில. பெரிய தொரை வரல, சின்ன தொரைய அனுப்பியிருந்தாரு. அந்தப் பையன் வேலைக்கு வந்தே ஒரு மாசம், எங்க நிக்கிறதுன்னு தெரியாம கரகத்துக்கு முன்னாலயே நின்னுட்டான்.

தலைவரு ஹோட்டல்காரரு தலையில செவப்புத் துண்டக் கட்டுனாரு. கேமராக்காரன் அடிச்சான். அடுத்தாப்ல நகந்து கண்டெக்டருக்குக் கட்டுனாரு. கேமராக்காரன் கேமராவ எறக்கிட்டு மொதலாளியப் பாத்தான். பிறகு பாண் காரரு. பிறகு மாஸ்டர், கண்ணாடி கீழ விழுந்துடாம ஒரு கையால புடிச்சுக்கிட்டு. நோனாவுக்குத் தலையில கட்டாம தோள்ல போட்டாங்க. வரிசையா எட்டுப் பேரு. ஒரே மாதிரி செவப்பு. அதுல யாரு பெரியவருன்னு மாரியம்மனுக்கே தெரிஞ்சிருக்காது.

ஹோட்டல்காரரு வரிசைய ஒரு தடவ பாத்தாரு. அவரு முட்டாளில்ல. வாய் சிரிச்ச மாதிரியே இருந்துச்சு, கண்ணு வேற எங்கயோ போயிடுச்சு. கெளம்புறப்ப என் தோள்ல கை வச்சு, "நல்லாச் செஞ்சீங்க தம்பி"ன்னாரு. பாராட்டா, வேற ஏதாவதான்னு நான் மூணு நாளு யோசிச்சேன்.

மறுநாள் டேப்புக்காரன் வரல. அதுக்கு மறுநாளும் வரல. சின்ன தொரை போயி மனேஜர்கிட்ட என்ன சொன்னானோ, "அது கோயில் எடம், பல பேரு சேந்து நடத்துறது, நீங்களே பேசித் தீத்துக்கோங்க"ன்னு தோட்டத்துல இருந்து தலைவருக்குப் பதில் வந்துச்சு. அக்கா அத ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு.

ஆனா வாட்ச்சர் போயிட்டான். மழையில பல்பு ஒண்ணு போச்சு, மாட்ட ஆளு வரல, பிறகு இன்னொண்ணு. "ஒன்னாலதான்டா இருட்டுல கல்லுல இடிச்சுக்கிறோம்"னு லயத்துல என்னத் திட்டாத ஆளு கெடையாது. பைக்குப் பொடியனுங்களும் ஒரு ஞாயித்துக்கெழம திரும்ப வந்தாங்க. நான் நேராப் போயி, "ஒங்கள அனுப்புனது யாரு?"ன்னு கேட்டேன். ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டாங்க. "சும்மா வியூ பாக்க வந்தோம் அண்ணே. யாரு அனுப்பணும்?" நல்லா நடிச்சானுங்களோ, நெசமாவே யாரும் அனுப்பலையோ. அக்கா அவனுங்கள உக்கார வச்சு ரொட்டி குடுத்து, பெஞ்சுக் காலுக்குக் காசும் சேத்து வாங்கிடுச்சு.

பரிவட்டம் கட்டிக்கிட்டதுங்க அதவிட மோசம். கண்டெக்டர் தெனமும் பஸ்ஸ நிப்பாட்டிட்டு ஏறி வந்து, "கோயிலுக்கு நாங்கல்லாம்தானே"ன்னு சொல்லி ஓசி டீ கேட்டாரு. அக்கா டீய வச்சுட்டு உள்ளங்கைய நீட்டுச்சு. குடுத்துட்டுத்தான் குடிச்சாரு. நாலு நாள்ல அவரு ஏறி வர்றது நின்னுச்சு.

போன கெழம ஹோட்டல்காரரு வந்தாரு. காரும் இல்ல, கேமராவும் இல்ல, நடந்தே. மூட்டம் இன்னும் வெலகல. பெஞ்சுல உக்காந்து ஒரு ரொட்டி, ஒரு பிளேன் டீ. தின்னு முடிச்சு, கேக்காமலே காசக் குடுத்துட்டு, "நாளைக்குக் காலையில ஆறு பேரு அனுப்புறேன், ரொட்டி போட்டுத் தருவீங்களா?"ன்னு கேட்டாரு. அக்கா, "தர்றேன் சேர்"ன்னுச்சு. அவரு எறங்கிப் போயிட்டாரு.

"ஏன் கேட்டாரு?"ன்னேன்.

"பசிக்கும்ல. ஆறு பேருக்கு."

"இல்லக்கா, இதுல ஏதோ இருக்கு."

"நீ சந்தேகப்பட்டுக்கிட்டு இரு. நான் மாவு பெசையணும்."

மறுநாள் ஆறு பேரு வந்தாங்க. வரிசையா ஏறி வந்து, பெஞ்சுல எடம் பத்தாம பாறையிலயும் உக்காந்தாங்க. நான் எண்ணுனேன். ஆறுதான். பின்னால ஏழாவதா யாராவது டேப்போட வர்றானான்னு வளைவு வரைக்கும் எறங்கிப் போயிப் பாத்துட்டு மூச்சு வாங்க ஏறி வந்தேன்.

அக்கா ரொட்டியத் திருப்பிப் போட்டுச்சு. என் மொகத்தப் பாக்காமலே, சத்தத்தக் கொறச்சு, "யாரும் இல்லையாடா?"ன்னு கேட்டுச்சு.

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப உக்காந்து வெங்காயத்த உரி"ன்னுச்சு.